லாரியை அனுப்பலாமா, வேண்டாமா? தேதி தெரியாதபோது மெயிலில் எழுத ஏற்ற ஆங்கிலம்

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் ஆபீஸில் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகாத தம்பி ஒருவன் திருப்பூர் பார்ட்டிக்கு ஒரு மெயில் தட்டினான். 'த கார்கோ வில் பி ரிலீஸ்ட் ஷார்ட்லி.' ஒரே வரிதான். இலக்கணப் பிழை இல்லை, எழுத்துப் பிழை இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை. திருப்பூர்க்காரர் அதைப் படித்துவிட்டு அன்று ராத்திரியே லாரியைக் கிளப்பிவிட்டார். புதன்கிழமை காலையில் லாரி மணலிப் பக்கம் குடோன் வாசலில் வந்து நின்றது. சரக்கு உள்ளேதான் இருந்தது. கஸ்டம்ஸ் கேட்ட ஒரு கேள்விக்கு இன்னும் பதில் போகாமல் கிடந்தது. வெளியே வந்தது வெள்ளிக்கிழமை சாயந்திரம். லாரி சும்மா நின்றதற்கு மூன்று நாள் ஹால்டிங் காசு, டிரைவர் படி, கிளீனர் படி.

"ஷார்ட்லின்னு நீங்கதானுங்க எழுதுனீங்க" என்றார் திருப்பூர்க்காரர். "ஷார்ட்லின்னா சீக்கிரம்னுதானேண்ணா அர்த்தம்? மூணு நாள் சீக்கிரம் இல்லையா?" என்றான் தம்பி. இரண்டு பேர் சொன்னதும் சரி என்பதுதான் சங்கடம். ஹால்டிங் காசில் பாதியை நாங்கள் கொடுத்தோம்.

துறைமுகத்துக்கு வரும் சரக்கைக் கஸ்டம்ஸில் விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்சி வேலையில் எனக்கு இது 19வது வருஷம். ராயபுரத்தில் வீடு, மண்ணடியில் ஆபீஸ், நடுவில் துறைமுகம். எங்கள் தொழிலில் காலையிலிருந்து ராத்திரி வரை கேட்கப்படும் கேள்வி 'எப்போ?' என்பது ஒன்றுதான். பாதி நேரம் எங்களுக்கே பதில் தெரியாது. கப்பல் கரையோரம் கட்டி நிற்கும் பெர்த்துக்கு வர வேண்டும், கன்டெய்னர் இறங்க வேண்டும், ஷிப்பிங் லைன் சரக்கைக் கொடுக்கச் சொல்லும் டி.ஓ. சீட்டைக் கொடுக்க வேண்டும், கஸ்டம்ஸ் 'சரக்கு வெளியே போகலாம்' என்று அவுட் ஆஃப் சார்ஜ் போட வேண்டும். எதுவும் நம் கையில் இல்லை. ஆனாலும் மெயிலில் ஏதாவது எழுதியாக வேண்டும், அதையும் ஆங்கிலத்தில் எழுதியாக வேண்டும். அந்த இடத்தில் போடுவதற்கு ஆங்கிலத்தில் கூடை கூடையாகச் சொற்கள் கிடக்கின்றன. சூன், ஷார்ட்லி, இன் எ வைல், இன் டியூ கோர்ஸ், அட் தி ஏர்லியஸ்ட், எ கப்பிள் ஆஃப் டேஸ், அன்டில் ஃபர்தர் நோட்டீஸ். அகராதியைப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே அர்த்தம் மாதிரி தெரியும். காசு கொடுக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

அன்றிலிருந்து இவற்றையெல்லாம் நான் உரசிப் பார்க்கும் கல் ஒன்றே ஒன்று. இதைப் படிக்கிறவர் லாரியை அனுப்புவாரா, மாட்டாரா?

முதலில் அடிக்கடி கை போகும் இரண்டையும் எடுத்துக்கொள்வோம். 'சூன்', 'ஷார்ட்லி' இரண்டுக்கும் தமிழில் 'விரைவில்' என்றுதான் போடுவோம். ஆனால் காதில் விழும் தூரம் வேறு. 'சூன்' பேச்சுக்காரச் சொல். அதில் கொஞ்சம் ஆசையும் கலந்திருக்கும். ஊருக்குப் போன தங்கச்சிக்கு 'சீ யூ சூன்' என்று அனுப்பினால் அது நாளைக்கும் இருக்கலாம், பொங்கலுக்கும் இருக்கலாம். யாரும் அதை நம்பி லாரி அனுப்ப மாட்டார்கள். 'ஷார்ட்லி' யூனிஃபார்ம் போட்ட சொல். நம் ஊர்க்காரன் அதை எங்கே கற்றுக்கொண்டான்? சென்ட்ரல் ஸ்டேஷன் ஒலிபெருக்கியில். வண்டி இத்தனையாவது பிளாட்ஃபாரத்துக்கு ஷார்ட்லி வருகிறது என்று சொன்னால், இன்ஜின் விளக்கு கண்ணுக்குத் தெரிகிறது என்று அர்த்தம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்க வேண்டியதுதான். திருப்பூர்க்காரரும் அதைத்தான் செய்தார். ஆகவே 'ஷார்ட்லி' என்பது மணிக்கணக்கு. காரியம் நிஜமாகவே இன்று முடிகிற மாதிரி இருந்தால் மட்டும் எழுதலாம். 'சூன்' வாரக்கணக்குவரைகூட நீளும், ஆனால் தொழில் மெயிலில் அதற்கு எடை கிடையாது.

'சூன்' இப்படி நீண்டுபோனதற்கு ஒரு பழைய கதை உண்டு. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு 'உடனே' என்றே அர்த்தம். 'இப்போதே செய்கிறேன்' என்று சொல்லிவிட்டு நாளைக்குச் செய்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. சொல்லிச் சொல்லி அர்த்தமே தள்ளிப்போய்விட்டது. 'அனான்' என்ற சொல்லுக்கும் இதே கதிதான், 'பிரசன்ட்லி'க்கும் இதே கதிதான். 1611இல் வந்த ஆங்கில வேதாகமத்தில் யோவான்ஸ்நானனின் தலையைக் கேட்கிற பெண் 'பை அண்ட் பை' தரச் சொல்லிக் கேட்கிறாள். இன்றைக்கு அதைப் படிக்கிறவன் 'அவசரமில்லை, மெதுவாகக் கொடுங்கள்' என்று கேட்கிறாள் என நினைத்துக்கொள்வான். நம் தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் 'இப்பொழுதே' என்று நேராக இருக்கிறது. ராயபுரத்தில் மாதா கோயில் பக்கத்தில் வளர்ந்தவன் என்பதால் இது எனக்கு அப்போதே மனசில் பதிந்துவிட்டது.

தமிழும் யோக்கியம் இல்லை. 'இதோ' என்றால் கண் முன்னால் இருப்பது. எங்கள் பக்கம் அது 'தோ' ஆகி, 'தோ வந்துட்டேன்' என்றால் ஆள் இன்னும் குளிக்கவே போகவில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டது.

சில சொற்கள் எதிர்த்திசையிலும் போயிருக்கின்றன. நிமிஷம் என்பது முதலில் கண் இமைக்கும் நேரம், இப்போது அளந்து வைத்த 60 விநாடி. நொடி விரல் சொடுக்கும் நேரமாக இருந்து இப்போது கடிகார முள்ளில் உட்கார்ந்துவிட்டது. ஆங்கிலத்து 'மொமண்ட்' நேர்மாறு. இடைக்காலத்தில் கணக்குப் பார்த்தவர்கள் ஒரு மணி நேரத்தை 40 மொமண்ட்டாகப் பிரித்தார்கள். இன்றைய கணக்கில் 90 விநாடி. இப்போது 'ஜஸ்ட் எ மொமண்ட்' என்று போனில் சொல்லிவிட்டு லைனில் பாட்டுப் போட்டு விடுகிறார்கள், அதற்கு அளவே கிடையாது. 'மொமண்டரிலி' இன்னும் மோசம். அமெரிக்கர் சொன்னால் 'இன்னும் ஒரு கணத்தில்', பிரிட்டிஷ்காரர் சொன்னால் 'ஒரு கணம் மட்டும்'. வெளிநாட்டு மெயிலில் இதைத் தொடவே வேண்டாம்.

அடுத்து 'வைல்'. இதை நம்மவர்கள் ரொம்பக் கம்மியாகத்தான் பயன்படுத்துகிறார்கள். எனக்கோ இது பிடித்த சொல். 'வைல்' என்றால் வெறுமே ஒரு காலத்துண்டு, நீளம் குறிக்கப்படாதது. நம் 'கொஞ்ச நேரம்' மாதிரி ரப்பர். அதன் முன்னால் என்ன ஒட்டுகிறோம் என்பதில்தான் விஷயம். 'இன் எ வைல்' எதிர்காலத்தில் ஒரு புள்ளி. 'ஃபார் எ வைல்' நீளம். 'எ வைல் அகோ' கடந்துபோனது. 'இட் மே டேக் எ வைல்' என்று எழுதினால் அது நேர்மையான எச்சரிக்கை: நேரம் ஆகும், எவ்வளவு என்று தெரியாது, லாரியை நிறுத்தி வையுங்கள். உரைகல்லில் பொன்னாகத் தெரிகிறது.

ஒரு இடத்தில் வழுக்கும். 'கொய்ட் எ வைல்' என்றால் ரொம்ப நேரம். ஒட்டுச்சொல் தெரியாமல் படித்தால் கொஞ்ச நேரம் போலத் தோன்றும். 'கொய்ட் எ ஃப்யூ' என்றாலும் அப்படித்தான், சில இல்லை, நிறைய. கொழும்பிலிருந்து ஒரு ஏஜெண்ட், கப்பல் அங்கே கொய்ட் எ வைல் நிற்கும் என்று எழுதியதை 'கொஞ்சம் நின்னுட்டு வந்துடும்' என்று பார்ட்டிக்குச் சொன்ன புண்ணியவான் நான்தான். சேர்ந்த புதிதில்.

'இன் டியூ கோர்ஸ்'. இதை எழுதும்போது கழுத்தில் டை கட்டிய மாதிரி இருக்கும். அர்த்தம், உரிய காலத்தில், முறைப்படி. எங்கள் தெருவில் 'அப்பால பாத்துக்கலாம்' என்பார்களே, அந்த அப்பாலவுக்குக் கோட்டு மாட்டிவிட்டதுதான் இது. லாரி நிச்சயம் வராது. ஆனால் போன் வரும், கோபமாக வரும். ஏனென்றால் படிக்கிறவருக்கு 'உன் அவசரம் எனக்குத் தெரியாது' என்று சொன்ன மாதிரி இருக்கும். இதற்கும் ஒரு சரியான இடம் இருக்கிறது. நிஜமாகவே ஒரு வரிசை இருந்து, அந்த வரிசையில் நம் மனு ஏற்கெனவே நிற்கிறதென்றால் எழுதலாம். டியூட்டி ரீஃபண்டுக்கு எழுதிப் போட்டாயிற்று, ஃபைல் மேஜை மேஜையாக நகர்கிறது, தன்னால் வந்து சேரும் என்றால் 'இன் டியூ கோர்ஸ்' பொய் இல்லை. வரிசையே இல்லாத இடத்தில் எழுதினால் வெறும் சால்ஜாப்பு.

இப்போது இருப்பதிலேயே ஆபத்தானதற்கு வருகிறேன். 'அட் தி ஏர்லியஸ்ட்.'

நம் நாட்டு ஆபீஸ் ஆங்கிலத்தில் இதற்கு 'கூடிய சீக்கிரம்' என்று அர்த்தம். 'ப்ளீஸ் சென்ட் தி இன்வாய்ஸ் அட் தி ஏர்லியஸ்ட்.' எல்லோருக்கும் புரியும், ஒரு பிரச்சினையும் இல்லை. லண்டன்காரருக்கோ நியூயார்க்காரருக்கோ இது வேறு பாஷை. ஒரு நாளோடு சேர்த்து எழுதினால் அவர்களுக்கு அது 'அதற்கு முன்னால் இல்லை' என்று பொருள்படும். 'ஃப்ரைடே அட் தி ஏர்லியஸ்ட்' என்றால், எவ்வளவு சீக்கிரம் என்று பார்த்தாலும் வெள்ளிக்கிழமைதான், சனி, ஞாயிறு, திங்கள்கூட ஆகலாம். நம் ஆள் எழுதும்போது நினைத்தது, எப்படியும் வெள்ளிக்குள் முடித்துவிடுவோம் என்று. ஒருவர் வெள்ளியைக் கூரையாகப் பார்க்கிறார், இன்னொருவர் தரையாகப் பார்க்கிறார். இருவரும் ஒரே மெயிலைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள்.

இதை வைத்து என் முடிவு: உள்ளூர் மெயிலில் நாள் சேர்க்காமல் எழுதினால் பரவாயில்லை. வெளிநாட்டுக்கு என்றால் 'பை ஃப்ரைடே' அல்லது 'நாட் பிஃபோர் ஃப்ரைடே', இரண்டில் எதை நினைக்கிறோமோ அதைப் பச்சையாக எழுதிவிட வேண்டும். 'அஸ் சூன் அஸ் பாசிபிள்' எழுதலாமே என்று கேட்பீர்கள். எழுதலாம், ஆனால் பெரியவர்களுக்கு எழுதினால் அதட்டுகிற மாதிரி இருக்கும், அதுவும் நாலெழுத்தாகச் சுருக்கி எழுதினால் கேட்கவே வேண்டாம். மரியாதையாக இருக்கட்டும் என்று 'அட் யுவர் ஏர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்' என்று போடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அதில் வசதி என்பது அவருடைய வசதி. பத்து நாள் கழித்து அவருக்கு வசதிப்பட்டால் நாம் வாயைத் திறக்க முடியாது.

எண்ணிக்கை மாதிரி வேஷம் போடும் சொற்கள் ஒரு தனி ஜாதி. 'எ கப்பிள் ஆஃப் டேஸ்' என்றால் கணக்குப்படி இரண்டு நாள். பேச்சில் மூன்றும் ஆகும், நாலும் ஆகும். கறாரானவர் இரண்டு என்றே எடுத்துக்கொண்டு மூன்றாம் நாள் காலையில் போன் போடுவார். 'எ ஃப்யூ டேஸ்' மூன்றிலிருந்து ஐந்தாறு வரை போகும், 'செவரல்' அதற்கும் மேலே. நாமும் இதே விளையாட்டைத் தமிழில் ஆடுகிறவர்கள்தான். 'நாலு பேர் என்ன சொல்லுவாங்க' என்பதில் நாலு என்றால் நாலா? ஆனால் தமிழில் ஓர் அருமையான வசதி உண்டு. ரெண்டு மூணு நாள், நாலஞ்சு நாள், ஒரு வாரம் பத்து நாள். இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே தரையும் கூரையும் வந்துவிடும், அதோடு 'குத்துமதிப்புதான்' என்பதும் தானாக வந்துவிடும். ஆங்கிலத்திலும் இதையே செய்தால் எந்தப் பார்ட்டியும் குழம்புவதில்லை. 'டூ டு த்ரீ வொர்க்கிங் டேஸ்.' எ கப்பிளுக்கும் எ ஃப்யூவுக்கும் பதிலாக எப்போதும் என் கை போவது இதற்குத்தான். 'வொர்க்கிங்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடக் கூடாது. நடுவில் ஞாயிறும் ஒரு தீபாவளியும் வந்தால் அந்த ஒரு சொல்தான் காப்பாற்றும்.

கடந்த காலத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை, அதை நம்பி யாரும் லாரி அனுப்பப் போவதில்லை. 'தி அதர் டே' என்றால் 'அன்னிக்கு ஒரு நாள்', சில நாள் முன்னால். போன வருஷத்துக்கு அது பொருந்தாது. 'சின்ஸ் டூ வீக்ஸ்' என்று எழுதாதீர்கள், 'இரண்டு வாரமாக' என்பதை அப்படியே பெயர்ப்பதால் வரும் தப்பு இது, அங்கே 'ஃபார்' வர வேண்டும். இன்னொன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 'சம் டைம்' என்று பிரித்து எழுதினால் கொஞ்ச காலம், 'சம்டைம்' என்று சேர்த்தால் என்றைக்காவது, பின்னால் 'ஸ்' சேர்த்தால் சில சமயம். 'வீ நீட் சம் டைம்' என்பது நியாயமான வேண்டுகோள். 'வில் கால் யூ சம்டைம்' என்பதோ கூப்பிடவே மாட்டேன் என்பதன் நாகரிக வடிவம். ஆடிக்கு ஒரு தரம் அமாவாசைக்கு ஒரு தரம் என்பதற்கு அவர்கள் நீல நிலாவைச் சொல்வார்கள். ஒரே ஆங்கில மாதத்தில் இரண்டாவது முழுநிலா வருவது என்று கணக்குப் பார்த்தால், அது இரண்டரை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை. நம் அமாவாசை எவ்வளவோ தேவலை.

அறிவிப்புப் பலகைச் சொற்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று காசிமேட்டுக்காரர்களைக் கேட்டால் தெரியும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. 2017க்கு முன்னால் அது 45 நாளாக இருந்தது. நீளமான தடைதான், வருமானம் போகிறதுதான், ஆனால் தேதி தெரியும். படகைக் கரையேற்றி, மரவேலை, பெயின்ட், இன்ஜின் வேலை, வலை வேலை எல்லாவற்றையும் அந்த 61 நாளுக்குள் திட்டம் போட்டு முடிப்பார்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் அது வேறு. 'மறு அறிவிப்பு வரும்வரை கடலுக்குச் செல்ல வேண்டாம்.' இரண்டு நாளில் முடியலாம், ஆறு நாளும் ஆகலாம். நாட்கள் குறைவுதான், ஆனால் ஐஸ் வாங்குவதா, டீசல் போடுவதா, ஆட்களை ஊருக்கு அனுப்புவதா என்று ஒன்றும் ஓடாது.

இருந்தும் 'அன்டில் ஃபர்தர் நோட்டீஸ்' அவ்வளவு கெட்ட சொல் இல்லை. அதற்குள் ஒரு வாக்கு ஒளிந்திருக்கிறது, மாற்றம் வந்தால் நாங்களே சொல்வோம் என்று. அந்த வாக்கைக் காப்பாற்ற ஆள் இருந்தால் தாராளமாக எழுதலாம். 'ஃபார் த டைம் பீயிங்' என்றால் இப்போதைக்கு. மாற்று ஏற்பாட்டைச் சொல்ல நல்லது, 'டி.ஓ. வாங்க இப்போதைக்கு இரண்டாம் மாடி போங்கள்' என்கிற மாதிரி. 'இன்டெஃபினிட்லி' மட்டும் வேண்டாம். அகராதிப்படி முடிவு தேதி குறிக்கவில்லை என்றுதான் பொருள், நாளைக்கே முடியலாம். படிக்கிறவர் காதில் 'எப்போதும்' என்று விழும். தமிழில் 'காலவரையற்ற வேலைநிறுத்தம்' என்று படித்ததும் வயிற்றைப் பிசைகிறதே, அந்த மாதிரி. இத்தனைக்கும் காலவரையற்ற உண்ணாவிரதங்கள் பல சாயந்திரத்துக்குள் பழச்சாறு குடித்து முடிந்திருக்கின்றன.

இந்த வம்பு வேண்டாம் என்று சட்டமும் கப்பல் தொழிலும் தனித்தனியாக வழி கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 46வது பிரிவு: எந்த நாளுக்குள் என்று ஒப்பந்தத்தில் குறிக்காமல், கேட்காமலே செய்ய வேண்டிய வேலை என்றால், 'ரீசனபிள் டைம்' என்ற நியாயமான காலத்துக்குள் செய்ய வேண்டும். எது நியாயமான காலம் என்று அதற்கு மேல் நாள் கணக்குக் கிடையாது. ஒவ்வொரு விவகாரத்திலும் உள்ள சங்கதியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. கோர்ட்டுக்குப் போகிறவருக்கு இது உதவும். வெள்ளிக்கிழமை லாரிக்கு உதவாது.

கப்பல்காரர்களின் வழி எனக்கு இன்னும் பிடிக்கும். கப்பலை வாடகைக்கு எடுக்கும்போது, ஏற்றி இறக்க இத்தனை நாள் என்று குறிப்பார்கள், தாண்டினால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம். நாள் குறிக்க விருப்பமில்லை என்றால் 'கஸ்டமரி குவிக் டெஸ்பாட்ச்' என்று எழுதுவார்கள். அந்தத் துறைமுகத்து வழக்கப்படி எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக, என்று அர்த்தம். அளவே இல்லாத காலம்தான், ஆனாலும் 'இந்தத் துறைமுகத்து வழக்கப்படி' என்று ஒரு முளையில் கட்டிவைத்திருக்கிறார்கள். அதே போலக் கப்பல் வரும் தேதியை அனுப்பும் ஏஜெண்ட் கடைசியில் ஏ.ஜி.டபிள்யூ., டபிள்யூ.பி. என்று போடுவார். எல்லாம் நல்லபடி நடந்தால், வானிலை இடம் கொடுத்தால். நம் 'ஆண்டவன் புண்ணியத்துல' இருக்கிறதே, அதைத் தந்தி பாஷையில் அடித்த மாதிரி. தேதியும் கொடுத்தாயிற்று, எது நடந்தால் அந்தத் தேதி கெடும் என்றும் சொல்லியாயிற்று. வெளிநாட்டுப் பார்ட்டிக்கு எழுதுகிறவர்கள் 'ஷார்ட்லி'யை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஆனால் உள்ளூர்ப் பார்ட்டிக்கு, லாரி வைத்திருக்கிறவருக்கு, நான் எடுப்பது இவை எதுவுமே இல்லை. வடசென்னைக்காரன் கடிகாரம் பார்த்தா நேரம் சொல்கிறான்? 'போட்டு கரைக்கு வந்ததும்.' 'தண்ணி லாரி வந்துட்டுப் போனதும்.' 'கேட்டு தொறந்ததும்.' கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டவனிடம் எத்தனை நிமிஷம் ஆகும் என்று கேட்பது வீண். சரக்கு வண்டி ஒன்று போகும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும். 'கேட் திறந்ததும் அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்' என்றால் அதில் தெரியாத பகுதி தனியாகவும் தெரிந்த பகுதி தனியாகவும் நிற்கிறது. தெரியாததுக்கு ஒரு நிகழ்ச்சி, தெரிந்ததுக்கு ஒரு கணக்கு.

இதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதலாம், கஷ்டமே இல்லை. 'டெலிவரி விதின் ஒன் வொர்க்கிங் டே ஆஃப் அவுட் ஆஃப் சார்ஜ்.' அல்லது 'ஒன்ஸ் த வெசல் பெர்த்ஸ், அலவ் டூ டு த்ரீ டேஸ்.' ஷார்ட்லி, சூன், டியூ கோர்ஸ் எல்லாவற்றையும் இது ஒரே அடியில் வீழ்த்திவிடுகிறது. படிக்கிறவருக்கு எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியும். அந்த நிகழ்ச்சி நடந்ததா என்று அவரே விசாரிக்கலாம். லாரியை எப்போது கிளப்புவது என்பது அவர் முடிவாகிவிடுகிறது.

இதிலும் இரண்டு ஓட்டை உண்டு. ஒன்று, அந்த நிகழ்ச்சி யார் கையில் இருக்கிறது என்று சொல்லாவிட்டால் பயனில்லை. டியூட்டி கட்ட வேண்டியது பார்ட்டி, அவரிடமே போய் 'ஒன்ஸ் டியூட்டி இஸ் பெய்ட்' என்று செயப்பாட்டு வினையில் மழுப்பினால், நாம் கட்டுவோம் என்று அவரும் அவர் கட்டுவார் என்று நாமும் உட்கார்ந்திருப்போம். 'ஒன்ஸ் யூ பே' என்று எழுதிவிட வேண்டும். கொஞ்சம் முகத்தில் அடித்த மாதிரி இருந்தாலும் டெமரேஜைவிட மலிவு. இன்னொன்று, நிகழ்ச்சியே நடக்காமல் இழுத்துக்கொண்டு போனால் மனுஷன் எத்தனை நாள் சும்மா இருப்பான்? அதற்கு நான் ஒரு வால் சேர்ப்பேன். சரக்கு எப்போது வரும் என்பது என் கையில் இல்லை, நான் அடுத்து எப்போது பேசுவேன் என்பது என் கையில் இருக்கிறது. 'வில் அப்டேட் யூ டுமாரோ அட் ஃபோர்.' சேதி ஒன்றும் இல்லாவிட்டாலும் நாலு மணிக்கு 'சேதி இல்லை' என்று அனுப்பிவிட வேண்டும். அனுப்ப முடியாது என்றால் அந்த வாலைச் சேர்க்காதீர்கள். நாலு மணி தாண்டிய 'அட் ஃபோர்' சாதாரண 'சூன்'ஐவிட நாலு மடங்கு எரிச்சல் தரும்.

முதலாளிக்கு எழுதும்போது மட்டும் நான் மாறிவிடுவேன். அவருக்கு நிகழ்ச்சிக் கதையெல்லாம் வேண்டாம், 'டூ டு த்ரீ வொர்க்கிங் டேஸ்' என்றால் போதும், கூரை எண்ணை மனசில் வைத்துக்கொண்டு போய்விடுவார். வாட்ஸப்பில் சிநேகிதர்களுக்கு 'சூன்'தான். அங்கே யாருக்கும் ஹால்டிங் இல்லை.

அந்தத் தம்பி இப்போது எங்கள் ஆபீஸில் இறக்குமதிப் பிரிவையே பார்த்துக்கொள்கிறான். அவன் மெயிலில் 'ஷார்ட்லி' என்ற சொல் வந்து ரொம்ப நாளாயிற்று. எல்லாம் 'ஒன்ஸ்', 'விதின்', 'அட் ஃபோர்'. திருப்பூர்க்காரரும் இன்னும் எங்களிடம்தான் வேலை கொடுக்கிறார். போன வாரம் ராத்திரி எட்டு மணி இருக்கும், அவன் பில் ஆஃப் என்ட்ரி என்ற கஸ்டம்ஸ் படிவம் ஒன்றில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தபோது அவன் அம்மா போன் செய்தார்கள், எங்கேடா இருக்கே, எப்ப வருவே என்று. மண்ணடியில் நாற்காலியை விட்டு அசையாமல் அவன் சொன்னான்: "கொருக்குப்பேட்டை கேட்டு போட்டிருக்காங்கம்மா. தொறந்ததும் அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்."